அரசுச் சேவை ஒன்றை இணையவழிக்கு மாற்றுதல்: வருமானச் சான்றிதழை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு துறையின் சேவையை இணையவழிக்குக் கொண்டுவரும் பொறுப்பு முதன்முறையாகத் தம் மேசைக்கு வந்திருக்கும் அலுவலர்களுக்கும், அவர்களோடு சேர்ந்து வேலை செய்யப்போகும் மென்பொருள் குழுவினருக்கும் இது எழுதப்படுகிறது. எடுத்துக்காட்டாகத் தமிழ்நாட்டின் வட்டாட்சியர் அலுவலகம் வழங்கும் வருமானச் சான்றிதழை எடுத்துக்கொள்கிறேன். அது இன்று இ-சேவை மையங்கள் வழியாகக் கிடைக்கிற, எல்லோரும் அறிந்த சேவை என்பதால் ஒவ்வொரு படியையும் காட்டுவதற்கு வசதியானது. வங்கதேசத்திலோ கென்யாவிலோ இதே வேலையைச் செய்பவர்களுக்கும் படிகளின் வரிசை பெரிதாக மாறாது. பதவிப் பெயர்களும் சட்டங்களும்தான் மாறும்.

கீழே உள்ள பத்துப் படிகளில் முதல் ஐந்தில் மென்பொருள் எழுதும் வேலையே கிடையாது. புதிதாக வருகிறவர்கள் ஆறாம் படியிலோ ஏழாம் படியிலோ தொடங்கிவிட்டு, பிறகு பின்னோக்கி நடந்து வருவதையே அதிகம் பார்த்திருக்கிறேன்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலாவது, ஆணை பிறப்பிக்கும் அதிகாரம் உள்ள ஒருவர் இத்திட்டத்தின் உரிமையாளராக எழுத்தில் அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். விண்ணப்பத்தில் ஓர் ஆவணத்தை நீக்கலாமா என்ற கேள்வி எழும்போது, தகவல் தொழில்நுட்பப் பிரிவு அதற்கு விடை சொல்ல முடியாது; வருவாய்த் துறைதான் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, அந்தச் சேவையை மேசையில் அமர்ந்து பார்த்த பிரிவு எழுத்தர் ஒருவர் குழுவில் முழுநேரமாக இருக்க வேண்டும். வாரம் ஒருமுறை கூட்டத்துக்கு வந்து போகிறவர் போதாது, ஏனெனில் விதியில் எழுதப்படாத விதிகள் அவர் நினைவில்தான் இருக்கின்றன.

மூன்றாவது, கடந்த ஓராண்டின் பதிவேடுகளும் தள்ளுபடி செய்யப்பட்ட மனுக்களும் வேண்டும். நான்காவது பணம். கட்டுவதற்கான பணத்தோடு, கட்டிய பின் ஐந்தாண்டுகளாவது நடத்துவதற்கான பணமும் இதில் சேரும். இரண்டாவது வகைக்கு நிதி ஒதுக்கப்படவில்லை என்றால் தொடங்காமல் இருப்பதே நல்லது. பாதியில் நின்றுபோன இணையச் சேவை, முன்பிருந்த காகித முறையையும் கெடுத்துவிட்டுத்தான் நிற்கும்.

1. ஒரே ஒரு சேவையைத் தேர்ந்தெடுங்கள்

துறையின் இருபது சேவைகளையும் ஒரே நாளில் தொடங்கிவைக்க வேண்டும் என்ற அழுத்தம் வரும். அதற்கு இணங்கினால் இருபதும் வெறும் விண்ணப்பப் படிவங்களாகத் திரையில் இருக்கும். பின்னால் நடப்பது அத்தனையும் காகிதமாகவே தொடரும்.

தேர்வுக்கு மூன்று அளவுகோல்கள் போதும். நிறைய மக்கள் கேட்கும் சேவையாக இருக்க வேண்டும். முடிவு ஒரே துறைக்குள் எடுக்கப்பட வேண்டும். தவறு நேர்ந்தால் திருத்தக்கூடியதாக இருக்க வேண்டும். வருமானச் சான்றிதழ் மூன்றுக்கும் பொருந்துகிறது. வாரிசுச் சான்றிதழ் பொருந்தாது. ஒரு வாரிசின் பெயர் விடுபட்டுச் சொத்து கைமாறிவிட்டால், அதை மென்பொருளில் ஒரு பொத்தானை அழுத்தி மீட்க முடியாது.

2. காகிதம் போகும் பாதையைக் கண்ணால் பாருங்கள்

கையேட்டில் உள்ள பாதை எளிமையானது. மனு, கிராம நிர்வாக அலுவலரின் விசாரணை, வருவாய் ஆய்வாளரின் பரிந்துரை, வட்டாட்சியர் அல்லது மண்டலத் துணை வட்டாட்சியரின் ஒப்புதல். இதை மட்டும் வைத்து வரைபடம் போட்டுக்கொண்டு மென்பொருள் எழுதத் தொடங்குவதுதான் மிகப் பரவலான பிழை.

உண்மையான பாதையை அறிய, ஒரு மனுவை வாங்கும் இடத்திலிருந்து சான்றிதழ் கையில் சேரும் வரை பின்தொடர வேண்டும். அலுவலக வாசலில் மனு எழுதித் தருபவரிடம் கட்டாயம் பேசுங்கள். எந்த ஆவணம் இல்லாமல் போனால் திருப்பி அனுப்புவார்கள், எந்த நாளில் யார் அலுவலகத்தில் இருப்பார் என்பது அவருக்கு அலுவலகத்தினரை விட நன்றாகத் தெரியும். பிரிவு எழுத்தர் தம்மிடம் வரும் கோப்புகளைக் குறித்துவைக்கும் தன்பதிவேட்டைப் புரட்டினால், கோப்பு எந்த மேசையில் எத்தனை நாள் கிடந்தது என்பது கிடைக்கும்.

கூடவே, ஒரு மனுதாரருக்கு ஆகும் நாட்கள், செலவு, அலுவலகத்துக்கு நடந்த நடைகள் ஆகிய மூன்றையும் இப்போதே அளந்து எழுதி வையுங்கள். அரசுச் சேவைகளை இணையவழிக்கு மாற்றும் வங்கதேச அரசின் ஏடூஐ (a2i) திட்டம் தன் சேவைகளையெல்லாம் இந்த மூன்றைக் கொண்டே மதிப்பிட்டது. செலவு என்பதில் கட்டணத்தோடு பேருந்துச் செலவும் இழந்த கூலியும் சேர வேண்டும். இந்த அளவை இப்போது எடுக்காவிட்டால், ஓராண்டு கழித்து முன்னேற்றம் ஏற்பட்டதா என்பதைக் கூற எந்த வழியும் இருக்காது.

3. குறைக்க வேண்டியதைக் குறைத்த பிறகே கணினிக்குக் கொண்டுவாருங்கள்

இந்தப் படியில்தான் மக்களுக்கு உண்மையான பயன் பிறக்கிறது. நடைமுறையைத் தொடாமல் கணினியில் ஏற்றினால், ஏழு மேசைகளில் காத்திருந்த கோப்பு ஏழு திரைகளில் காத்திருக்கும். பின்னாளில் ஒரு மேசையை நீக்குவதும் கடினமாகிவிடும், ஏனென்றால் அதற்கு அரசாணையோடு மென்பொருள் மாற்றமும் புதிய ஒப்பந்தமும் தேவைப்படும்.

ஒவ்வோர் ஆவணத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இதை வழங்கியது அரசின் இன்னொரு துறையா? ஆம் என்றால் எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு தரவை அங்கிருந்தே பெற முடியுமா என்று பாருங்கள். குடும்ப அட்டை அத்தகையது. இந்த ஆவணத்தைப் பார்த்து எந்த அலுவலராவது கடந்த ஓராண்டில் தம் முடிவை மாற்றியிருக்கிறாரா? இல்லை என்றால் அது வழக்கத்தால் கேட்கப்படுவது. இதற்குப் பதிலாக விண்ணப்பதாரரின் சுய உறுதிமொழி போதுமா? இந்திய ஒன்றிய அரசு சான்றொப்பத்துக்குப் பதிலாகச் சுய சான்றொப்பத்தை ஏற்கும்படி 2014 வாக்கிலேயே துறைகளை வலியுறுத்திவிட்டது. ஆயினும் பழைய படிவங்கள் பலவற்றில் அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலரின் கையெழுத்துக்கான கட்டம் அப்படியே நிற்கிறது.

மேசைகளுக்கும் இதே சோதனைதான். கிராம நிர்வாக அலுவலர் விசாரித்து எழுதியதை வருவாய் ஆய்வாளர் எத்தனை முறை மாற்றினார் என்று பதிவேட்டில் எண்ணிப் பாருங்கள். மிக அரிதாகவே மாற்றியிருந்தால், எல்லா மனுக்களும் அவரைக் கடந்து போக வேண்டியதில்லை. குறிப்பிட்ட சதவீத மனுக்களை மட்டும் மாதிரியாக அவருக்கு அனுப்பலாம். இதற்கு எதிர்ப்பு வரும். அந்த எதிர்ப்பை ஊழல் என்று ஒற்றைச் சொல்லில் ஒதுக்கிவிடுவது தவறு. தவறான சான்றிதழ் வெளிப்பட்டால் தாம் மட்டும் மாட்டிக்கொள்வோம் என்ற அச்சம் கீழ்நிலை அலுவலருக்கு உண்டு. இன்னொரு கையெழுத்து அவருக்கு ஒரு பாதுகாப்பு. அதை எடுக்கும்போது, நல்லெண்ணத்துடன் செய்த விசாரணையில் நேர்ந்த பிழைக்கு அவர் தண்டிக்கப்படமாட்டார் என்பதை ஆணையிலேயே எழுதித் தர வேண்டும்.

இன்னொரு கேள்வியும் உண்டு, ஆனால் அதைக் கேட்கும் துணிச்சல் திட்டத்தின் உரிமையாளருக்கு இருக்க வேண்டும். இந்தச் சான்றிதழ் தேவைதானா? கல்வி உதவித்தொகை வழங்கும் துறை, வருவாய்த் துறையிடம் தரவைக் கேட்டுத் தானே சரிபார்த்துக்கொள்ள முடியுமானால், மாணவர் கையில் சான்றிதழைக் கொடுத்து அதைத் திரும்ப வாங்குவது ஒரு சுற்றுவழி. உடனே ஒழிக்க முடியாவிட்டாலும், நீங்கள் கட்டும் அமைப்பு பிற துறைகள் நேரடியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வாசலோடு இருக்கட்டும்.

4. சட்ட அடிப்படையை உறுதி செய்யுங்கள்

இந்தியத் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000, தன் 5 ஆம் பிரிவில் மின்னணுக் கையொப்பத்துக்குச் சட்ட ஏற்பு அளிக்கிறது. பலர் இதோடு படிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். அதே சட்டத்தின் 9 ஆம் பிரிவு, மின்னணு ஆவணத்தை ஏற்றே தீர வேண்டும் என்று எந்த அரசுத் துறையையும் வற்புறுத்தும் உரிமை முந்தைய பிரிவுகளால் யாருக்கும் வந்துவிடாது என்கிறது. ஆகவே நீங்கள் டிஜிட்டல் கையொப்பமிட்டு வழங்கும் சான்றிதழைக் கல்லூரியும் தேர்வாணையமும் வங்கியும் ஏற்க வேண்டும் என்பதற்குத் தனியே ஆணைகளும் சுற்றறிக்கைகளும் பெற வேண்டும். அவை இல்லாமல் தொடங்கினால், மக்கள் இணையத்தில் பெற்ற சான்றிதழை அச்சிட்டு எடுத்துக்கொண்டு, அதன் மேல் மை முத்திரை வாங்க மறுபடியும் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு வருவார்கள்.

கையால் எழுதிய சான்றிதழ் எந்த நாளிலிருந்து செல்லாது என்பதையும் ஆணை குறிப்பிட வேண்டும். கர்நாடகத்தின் பூமி திட்டம் நில ஆவணங்களைக் கணினிமயமாக்கியபோது, ஒவ்வொரு வட்டத்திலும் கணினிப் பதிவு தொடங்கியதும் கையெழுத்துப் பிரதிகள் செல்லாது என அறிவித்தது. அந்த அறிவிப்பு இல்லையென்றால் பழைய பதிவேட்டில் ஒன்றும் கணினியில் ஒன்றுமாக இரண்டு உண்மைகள் உருவாகியிருக்கும்.

தனிநபர் தரவுப் பாதுகாப்பையும் இந்தக் கட்டத்திலேயே பாருங்கள். கென்யாவில் ஹுதுமா என்ற தேசிய அடையாள அட்டை வழங்கல் செல்லாது என்று உயர் நீதிமன்றம் 2021 அக்டோபரில் தீர்ப்பளித்தது. 2019 ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கோரும் தாக்க மதிப்பீட்டைச் செய்யாமலே வழங்கத் தொடங்கியதுதான் காரணம். இந்தியாவிலும் 2023 இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டுவிட்டது. எந்தத் தரவை ஏன் வாங்குகிறோம், எத்தனை ஆண்டு வைத்திருப்போம், யாரெல்லாம் பார்க்கலாம் என்று ஒரு பக்க அட்டவணை எழுதுங்கள். காரணம் எழுத முடியாத தரவைப் படிவத்திலிருந்து நீக்கிவிடுங்கள்.

5. தரவைத் தூய்மைப்படுத்துங்கள்

இந்தப் படிக்கு ஒதுக்கிய காலம் ஒருபோதும் போதுவதில்லை, இரட்டிப்பாகத் திட்டமிடுங்கள். நான்கு இடங்களில் தொடர்ந்து சிக்கல் எழுகிறது.

*ஊர்.* வருவாய்க் கிராமம் வேறு, ஊராட்சி வேறு, மக்கள் சொல்லும் ஊர் வேறு. ஒரு குக்கிராமத்தில் வசிப்பவருக்குத் தம் வீடு எந்த வருவாய்க் கிராமத்தில் இருக்கிறது என்பது தெரியாமல் இருக்கலாம். படிவத்தில் வருவாய்க் கிராமங்களின் பட்டியல் மட்டும் இருந்தால் அவர் ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். மனு தவறான கிராம நிர்வாக அலுவலருக்குப் போய், சில நாள் கிடந்து, திரும்பி வரும். குக்கிராமப் பெயர்களைத் திரட்டி, ஒவ்வொன்றையும் வருவாய்க் கிராமத்தோடு இணைத்த பட்டியலை முதலில் உருவாக்குங்கள். அதைத் தலைமையகத்தில் உட்கார்ந்து உருவாக்க முடியாது. கிராம நிர்வாக அலுவலர்களிடம்தான் கேட்டு வாங்க வேண்டும். வட்டங்கள் பிரிக்கப்படும்போது என்ன செய்வது என்பதற்கும் விடை வேண்டும் என்பதால், பெயர்களை விடுத்து ஒன்றிய அரசின் உள்ளாட்சிக் குறியீட்டு அடைவில் உள்ள எண்களைக் கொண்டு இணையுங்கள்.

*ஆளின் பெயர்.* முதற்பெயர், குடும்பப்பெயர் என்ற இரண்டு கட்டங்களைக் கட்டாயமாக்கும் படிவம் தமிழர்களுக்குப் பொருந்தாது. எம். முருகேசன் ஓர் ஆவணத்தில் முருகேசன் எம் ஆக இருப்பார். இன்னொன்றில் தந்தை பெயர் முழுமையாக விரிக்கப்பட்டிருக்கும். திருமணத்துக்குப் பின் பெண்களின் தலைப்பெழுத்து சில ஆவணங்களில் மட்டும் மாறியிருக்கும். ரோமன் எழுத்தில் எழுதும்போது ஒரே பெயருக்கு நான்கு எழுத்துக்கூட்டுகள் வரும். ஆதாரிலுள்ள பெயரும் குடும்ப அட்டையிலுள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனால்தான் விண்ணப்பத்தை ஏற்பது என்று விதி வைத்தால், ஏழைகளே பெருமளவில் வெளியே தள்ளப்படுவார்கள். பெயருக்கு ஒரே கட்டம், தலைப்பெழுத்துக்கு விருப்பக் கட்டம் என்று வையுங்கள். வேறுபாடு இருந்தால் கணினி தானாகத் தள்ளுபடி செய்யக் கூடாது. இரண்டு பெயர்களையும் பக்கத்தில் பக்கமாகக் கிராம நிர்வாக அலுவலருக்குக் காட்டினால், இருவரும் ஒருவரே என்பதை அவர் நொடியில் சொல்லிவிடுவார்.

*பிறந்த நாள்.* நாள் தெரியாமல் ஆண்டு மட்டும் தெரிந்தவர்களுக்குப் பல தரவுத்தளங்கள் ஜனவரி 1 என்று நிரப்பி வைத்திருக்கின்றன. பெயரும் பிறந்த நாளும் ஒன்றானால் ஒரே ஆள் என்று முடிவு கட்டும் நிரல், இரண்டு முருகேசன்களை ஒருவராக்கிவிடும்.

*எழுத்துரு.* தமிழ் எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் குறியீடுகளாக யூனிகோடையும் டேஸ்16 (TACE16) என்பதையும் தமிழ்நாடு அரசு 2010 இல் ஏற்று ஆணையிட்டது. ஆனால் அலுவலகக் கணினிகளில் அதற்கு முன்பும், சில இடங்களில் பின்பும், டாம், டாப், பாமினி போன்ற பழைய குறியீடுகளில் தட்டச்சு செய்த கோப்புகள் குவிந்திருக்கின்றன. மாற்றிகளைக் கொண்டு யூனிகோடாக்கிய பிறகும் வேலை முடியாது. 'கொ' என்ற எழுத்தின் உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் சேமிக்கலாம், முன்னொன்று பின்னொன்றாக இரு குறிகளாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, தேடும் கணினிக்கு வேறு வேறு. துணைக்காலுக்குப் ('ா') பதிலாக 'ர' தட்டியிருப்பதும், 'ஸ்ரீ' இரண்டு விதமாகப் பதிவாகியிருப்பதும் இதே போன்ற சிக்கல்கள். முதல் வகையை ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் யூனிகோடு இயல்பாக்கத்தையும், அதனால் சரியாகாத மற்ற இரண்டுக்கான தனித் திருத்தங்களையும் தரவு உள்ளே வரும் வாசலிலேயே செய்யுங்கள். இல்லாவிட்டால் கொளத்தூர் என்று தேடுபவருக்குப் பாதி கொளத்தூர்கள்தான் கிடைக்கும்.

6. வேலை ஓட்டத்தை அலுவலரின் பக்கமிருந்து வடிவமைக்கவும்

விண்ணப்பதாரர் திரையை ஆண்டுக்கு ஒருமுறை பார்ப்பார். கிராம நிர்வாக அலுவலர் நாள்தோறும் பார்ப்பார். அவர் திரை மெதுவாக இருந்தால், மனுக்களைக் காகிதத்தில் முடித்துவிட்டு வாரக் கடைசியில் மொத்தமாகக் கணினியில் ஏற்றுவார்; உங்கள் புள்ளிவிவரங்கள் அனைத்தும் பொய்யாகிவிடும்.

பொறுப்பைப் பதவியோடு இணையுங்கள், ஆளோடு இணைக்காதீர்கள். டிஜிட்டல் கையொப்பச் சான்று ஆளின் பெயரில்தான் வரும். அது யூஎஸ்பி டோக்கன் என்ற சிறு கருவியில் அவர் சட்டைப்பையில் இருக்கும். ஆனால் நிலுவை மனுக்கள் பதவியின் வரிசையில் நிற்க வேண்டும். மாறுதலில் போனவரின் வரிசை மூடப்பட்டு, புதியவர் வந்து, அவருக்குக் கையொப்பச் சான்று கிடைக்கும் வரை ஒரு வட்டமே நின்றுபோகும் நிலையைத் தவிர்க்க, கூடுதல் பொறுப்பு வகிப்பவரை ஒரே நாளில் இணைக்கும் வசதியை மாவட்ட அளவில் கொடுங்கள். இந்த வசதி இல்லாத இடங்களில் முந்தைய அலுவலரின் டோக்கனும் கடவுச்சொல்லும் கைமாறிப் போகின்றன. சட்டப்படி அது கையெழுத்தை இன்னொருவரிடம் கொடுப்பதற்குச் சமம்.

வந்த வரிசையிலேயே மனுக்கள் திறக்கட்டும். பூமி திட்டத்தில் பட்டா மாற்ற மனுக்களுக்கு முதலில் வந்தது முதலில் என்ற ஒழுங்கைக் கணினியே கட்டாயமாக்கியது. முறை தவறி ஒருவர் மனுவை எடுக்க முடியாதபோது, அதற்காகக் கொடுக்கப்படும் பணத்துக்கும் வேலை இல்லாமல் போகிறது. மருத்துவமனை அனுமதி போன்ற அவசரங்களுக்கு விலக்கு வையுங்கள். ஆனால் விலக்கு அளித்தவர் பெயரும் காரணமும் பதிவாக வேண்டும்.

தள்ளுபடிக்கான காரணங்களைத் தனிப் பட்டியலாகக் கொடுங்கள். "ஆவணங்கள் சரியில்லை" என்ற ஒற்றை வரி பட்டியலில் இருக்கவே கூடாது. எந்த ஆவணம், என்ன குறை, அதற்கு என்ன கொண்டுவர வேண்டும் என்ற மூன்றும் இருந்தால்தான் மனுதாரர் மறுபடி அலையாமல் இருப்பார். குறையைத் திருத்தியபின் அதே விண்ணப்ப எண்ணில் தொடர வேண்டும். புதிய எண், புதிய கட்டணம் என்று வைத்தால் தாமதமான மனுக்களைத் தள்ளுபடி செய்து கணக்கைச் சுத்தமாக்கும் பழக்கம் தொற்றிக்கொள்ளும்.

கால வரம்புக்குச் சட்டத்தின் பலம் இருந்தால் நல்லது. மத்தியப் பிரதேசம் 2010 இல் இதற்கென ஒரு சட்டம் இயற்றியது. கர்நாடகம் 2011 இல் சகாலா சட்டத்தைக் கொண்டுவந்தது. அது இல்லாத இடத்தில், வரம்பு கடந்த மனு தானாக மேலலுவலரின் திரைக்கு ஏறும் ஏற்பாடாவது வேண்டும். அங்கு ஏறிய பின்னும் யாரும் பார்க்காவிட்டால் என்ன என்பதற்கு மென்பொருளில் மருந்தில்லை. அது ஆட்சியரின் வாராந்திரக் கூட்டத்தில் கேட்கப்பட வேண்டிய கேள்வி.

7. மக்கள் பார்க்கும் திரையை இப்போது கட்டுங்கள்

பெரும்பாலானோர் தாமே விண்ணப்பிக்க மாட்டார்கள். இ-சேவை மையத்தில் அமர்ந்திருப்பவர் அவர்களுக்காகத் தட்டச்சு செய்வார். அந்த இயக்குநரும் உங்கள் பயனர். அவருக்கு மவுஸ் இல்லாமல் விசைப்பலகையிலேயே நிரப்பக்கூடிய படிவம் வேண்டும்; மின்சாரமோ இணையமோ போனால் நிரப்பியது அழியக் கூடாது; பதிவேற்றும் படத்தின் அளவைக் கணினியே குறைத்துக்கொள்ள வேண்டும். ஐம்பது கேபிக்குள் படம் வேண்டும் என்று சொல்லி அதைக் குறைக்கும் வேலையை மக்கள் தலையில் கட்டும் படிவங்கள் இன்னும் ஏராளம்.

கைபேசி எண்ணில் ஒரு பொறி இருக்கிறது. வேலையை விரைவாக முடிக்க இயக்குநர் தம் சொந்த எண்ணையே கொடுத்துவிடுவார். அதன்பின் ஓடிபியும் நிலவரச் செய்தியும் சான்றிதழும் அவர் கைக்கே போகும். மனுதாரர் எல்லாவற்றுக்கும் அவரை நம்பி நிற்க வேண்டும். ஒரே எண் பல குடும்பங்களுக்குப் பதிவானால் எச்சரிக்கை எழுப்புங்கள். எனினும் கைபேசியே இல்லாத முதியவர்களும் உண்டு என்பதால், எண் இல்லாமலும் ரசீதைக் காட்டிச் சான்றிதழ் பெறும் வழியைத் திறந்து வையுங்கள்.

குறுஞ்செய்தியைத் தமிழில் அனுப்புங்கள். அதற்கு முன் எழுத்துகளை எண்ணுங்கள். ரோமன் எழுத்தில் ஒரு செய்திக்கு 160 குறிகள் கொள்ளும். தமிழில் 70 தான், அதிலும் உயிர்க்குறிகளும் புள்ளிகளும் தனித்தனியே எண்ணப்படும். மேலும் இந்தியாவில் செய்தியின் வாசகத்தை முன்கூட்டியே தொலைத்தொடர்பு நிறுவனங்கள் இதற்கென நடத்தும் டிஎல்டி (DLT) என்ற பதிவுத் தளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். தொடக்க விழாவுக்கு முந்தைய வாரத்தில் இதை நினைவுகூர்ந்தால் நேரம் போதாது.

கட்டணத்தைத் திரையிலும் ரசீதிலும் பெரிய எழுத்தில் காட்டுங்கள். வருமானச் சான்றிதழுக்கு மையத்தில் 60 ரூபாய் என்பது சுவரில் ஒட்டியிருந்தால்தான் நூறு கேட்கப்படும்போது மனுதாரர் வாய் திறப்பார்.

8. விலக்குகளுக்கு வழி செய்யுங்கள்

விரல் ரேகை தேய்ந்த கட்டடத் தொழிலாளி, ஆதார் எண் இல்லாதவர், இரு மாவட்டங்களில் வருமானம் உள்ளவர், படுத்த படுக்கையாக இருப்பவர் என்று பட்டியல் நீளும். எந்த அடையாள முறையும் எல்லோருக்கும் வேலை செய்யாது. ஆதார் சட்டத்தின் 7 ஆம் பிரிவே, எண் ஒதுக்கப்படாதவருக்கு மாற்று அடையாள வழி தரப்பட வேண்டும் என்கிறது. சட்டத்தில் உள்ளதைத் திரையில் மறந்துவிடுவதுதான் நடக்கிறது.

விலக்கு வழியில் வரும் மனுவும் அதே எண் வரிசையில், அதே கால வரம்புக்குள் நடக்க வேண்டும். தனிக் காகிதக் கட்டாக வைத்தால் அது யாருடைய கணக்கிலும் வராது.

9. ஒரு வட்டத்தில் சோதியுங்கள்

சோதனைக்கு இணைய வசதி மோசமாக உள்ள வட்டம் ஒன்றையே தேர்ந்தெடுங்கள். மாவட்டத் தலைநகரில் வென்ற அமைப்பு மலைக் கிராமத்தில் வெல்லும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. மறுதிசையில் பெரும்பாலும் உண்டு.

காலத்தையும் கவனியுங்கள். கல்லூரிச் சேர்க்கையால் மே, ஜூன் மாதங்களில் மனுக்கள் குவியும். அதே மாதங்களில்தான் ஜமாபந்தி என்ற வருடாந்திர வருவாய்க் கணக்குத் தணிக்கையும் நடக்கும். கிராம நிர்வாக அலுவலர்கள் பதிவேடுகளோடு வட்டாட்சியர் அலுவலகத்தில் இருப்பார்கள். சோதனையைச் செப்டம்பர் வாக்கில் தொடங்கி, அடுத்த மே மாதச் சுமையைத் தாங்கிய பிறகே மாநிலம் முழுவதும் விரிவாக்குங்கள்.

அரசுத் தரவு மையத்தில் ஏற்றுவதற்கு முன் ஒன்றிய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன் (CERT-In) அங்கீகரித்த தணிக்கையாளரின் பாதுகாப்புச் சான்று தேவைப்படும். கண்டறியப்படும் குறைகளைச் சரிசெய்து மறு தணிக்கை முடிவதற்கு வாரங்கள் ஆகும் என்பதைத் திட்டத்தில் முன்பே எழுதிவிடுங்கள். காகித முறையும் கணினி முறையும் இணையாக ஓடும் காலத்துக்கு முடிவு நாள் குறிப்பதும் அவசியம். நாள் குறிக்கப்படாத இணை ஓட்டம் நிரந்தரமாகிவிடும்; அலுவலர்களுக்கு வேலை இரட்டிப்பாவதால் புதிய முறையின் மீது வெறுப்பு மட்டுமே மிஞ்சும்.

10. ஒப்பந்தமும் காப்புப் பிரதியும்

இது வரிசையில் கடைசியாக வந்தாலும், மென்பொருளைக் கட்டும் நிறுவனத்தோடு கையெழுத்திடும் முன்பே மூன்று வரிகள் ஒப்பந்தத்தில் உள்ளனவா என்று பாருங்கள். மூல நிரல் அரசுக்குச் சொந்தம். தரவு முழுவதையும் திறந்த வடிவத்தில் எப்போது கேட்டாலும் தர வேண்டும். ஒப்பந்தம் முடிந்த பின் குறிப்பிட்ட மாதங்கள் கைமாற்றத்துக்கு உதவ வேண்டும். மூன்றாவது வரி இல்லாத ஒப்பந்தம், முதல் இரண்டையும் பெயரளவுக்கு ஆக்கிவிடும். ஆவணமில்லாத நிரலை வாங்கி வைத்துக்கொண்டு யாரும் எதுவும் செய்ய முடியாது.

காப்புப் பிரதி எடுக்கிறோம் என்ற பதிலோடு திருப்தி அடையாதீர்கள். இலங்கை அரசின் மேகக் கணிமை அமைப்பு 2023 ஆகஸ்டில் மீட்புப்பணக் கேட்பு நச்சுநிரலுக்கு இலக்கானபோது, அவ்வாண்டு மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான மின்னஞ்சல்கள் மீட்க முடியாமல் போயின. இணைய வழியில் எடுத்த காப்புகளும் தாக்குதலில் சிக்கின. இணைப்பற்ற பிரதி இருக்கவில்லை. இணைப்பிலிருந்து துண்டிக்கப்பட்ட ஒரு பிரதி வேறு ஊரில் இருக்க வேண்டும். காலாண்டுக்கு ஒருமுறை அதிலிருந்து முழு அமைப்பையும் வெற்றுச் சர்வரில் எழுப்பிக் காட்டும்படி கேளுங்கள். எழுப்பிக் காட்டாத பிரதியைப் பிரதியாகக் கணக்கில் கொள்ளாதீர்கள்.

ஆறு மாதம் ஓடிய பிறகு, இரண்டாம் படியில் எடுத்த அதே மூன்று அளவுகளை அதே வட்டத்தில், அதே முறையில் மறுபடி எடுங்கள். சர்வரிலிருந்து வரும் சராசரி நாட்களை மட்டும் பார்த்தால் போதாது. விண்ணப்பிக்கும் முன் ஆவணம் திரட்ட அலைந்த நாட்கள் அதில் தெரியாது. நாட்கள் குறைந்து நடைகள் குறையவில்லை என்றால் மூன்றாம் படிக்கும், நடைகள் குறைந்து செலவு ஏறியிருந்தால் மையங்களின் கட்டணத்துக்கும் திரும்புங்கள். மூன்றும் குறைந்திருந்தால் இரண்டாவது சேவையைத் தேர்ந்தெடுக்கலாம். அதற்குக் குக்கிராமப் பட்டியலும் பதவி வரிசைகளும் ஏற்கெனவே தயாராக இருக்கும். ஆவணங்களையும் மேசைகளையும் குறைக்கும் வேலையை மட்டும் புதிதாகவே செய்ய வேண்டியிருக்கும்.